புளூ மவுண்டன்ஸ் நடைக்கு எந்த ஜிபிஎஸ்?

வணக்கம். ஆஸ்திரேலியாவில் சிட்னிக்குப் பக்கத்திலுள்ள புளூ மவுண்டன்ஸ் மலையில் மூன்று நாள் நடைக்கு, பொத்தான் வைத்த கையடக்க ஜிபிஎஸ் கருவியான கார்மின் இட்ரெக்ஸ் 22எக்ஸ் போதுமா, தொடுதிரை உள்ளது வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தொடுதிரை வேண்டாம். மழைத்துளி பட்டாலே வரைபடம் தன் இஷ்டத்துக்கு நகரும். கையுறை வேறு போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

22எக்ஸ் இரண்டு ஏஏ பேட்டரியில் சுமார் 25 மணி நேரம் ஓடும். ஆனால் அதில் மின்னணுத் திசைகாட்டி கிடையாது. நின்ற இடத்தில் வடக்கு எதுவென்று அதற்குத் தெரியாது, நாலு அடி நடந்தால்தான் சொல்லும். புதர் மண்டிய இடத்தில் அந்த நாலு அடி லேசில்லை! பாதையை விட்டு ஆழமான பள்ளத்தாக்கில் இறங்குவீர்களென்றால் அதே கார்மினின் ஜிபிஎஸ்மேப் 65எஸ் எடுங்கள். அது செயற்கைக்கோள் சிக்னலை இரண்டு அலைவரிசையில் வாங்குவதால், பாறைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் சிக்னலால் வரும் பிழை குறையும்.

முக்கியமாக, பழைய காகித வரைபடம் வைத்திருந்தால் ஓரத்தில் ஏஜிடி66 என்று இருக்கிறதா பாருங்கள். அது ஆஸ்திரேலியாவில் இடங்களின் ஆயங்களைக் குறிக்கும் பழைய அளவீட்டு முறை. கருவி அதற்குப் பின் வந்த ஜிடிஏ94 முறையில் இருந்தால், கருவி காட்டும் இடம் அந்த வரைபடத்தில் சுமார் 200 மீட்டர் தள்ளி விழும். நான் அப்படித்தான் ஒருமுறை பக்கத்து ஓடையில் இறங்கி, அரை நாள் முள்ளில் கிழிபட்டேன்.

இந்த இரண்டு கருவியுமே உதவிக்கு ஆள் கூப்பிடாது. அதற்கு, செயற்கைக்கோள் வழியாக மீட்புப் படைக்குத் தகவல் அனுப்பும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் கருவி தனியாக வேண்டும். புளூ மவுண்டன்ஸில் அதை இலவசமாக இரவல் தருகிறார்கள், கிளம்பும் முன் விசாரியுங்கள்.