மகள் மெய்யியல் படிக்க விரும்புகிறாள்: அது என்ன படிப்பு?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தகப்பன் எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் கலைப் பிரிவு; அளவையியலும் விஞ்ஞான முறையும் எடுத்து நல்ல பெறுபேறு பெற்றிருக்கிறாள். இப்போது பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்க வேண்டும் என்கிறாள். “அது சமயப் படிப்பா, இல்லை சமயத்துக்கு எதிரான படிப்பா? அதற்குள் என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன? படித்து முடித்தால் வேலைக்கு என்ன வழி?” என்று கேட்கிறார். படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவராம். அப்படியென்றால் வயலை வைத்தே பேசலாம்.

ஐயா, சிறுபோக ஆரம்பக் கூட்டங்களுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். குளத்தில் தண்ணீர் மட்டாகத்தான் இருக்கும். “இவ்வளவு தண்ணீர் போதும், எல்லாரும் விதைக்கலாம்” என்பார் ஒருவர். “போதும் என்று எப்படித் தெரியும்?” என்பார் இன்னொருவர். அந்தக் கேள்வியிலேயே மெய்யியல் தொடங்கிவிடுகிறது. நாம் நம்புவதற்கும் செய்வதற்கும் என்ன ஆதாரம், அந்த ஆதாரம் போதுமா என்று விடாமல் கேட்பதும், காரணம் காட்டி விடை தேடுவதும்தான் உங்கள் மகள் படிக்க விரும்பும் படிப்பு.

“எப்படித் தெரியும்” என்பதை ஆராயும் பிரிவு அறிவாராய்ச்சியியல். ஒருவர் குளத்தின் அளவுகோலைக் கண்ணால் பார்த்திருப்பார். ஒருவர் மேற்கே பெய்த மழையை வைத்து ஊகித்திருப்பார். மற்றவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் சொன்னதை நம்பியிருப்பார். காட்சி, கருதல், நம்பத்தக்கவர் உரை என்று சைவ சித்தாந்திகள் இந்த வழிகளை வகுத்தார்கள். மணிமேகலையில் வரும் அளவைவாதி பத்து வழிகளை அடுக்குகிறான். ஐரோப்பாவில் 1641இல் டேக்காட் என்ற மெய்யியலாளர் இன்னும் கடுமையாகக் கேட்டார்: கனவிலும் நான் பார்க்கிறேனே, கண்ணால் கண்டதை மட்டும் எப்படி நம்புவது?

அளவையியல் மகளுக்குத் தெரிந்ததுதான். “நல்ல மழை பெய்தால் குளம் நிறையும், குளம் நிறைந்திருக்கிறது, ஆகவே நல்ல மழை பெய்திருக்கிறது.” கேட்கச் சரிபோல இருக்கும். ஆனால் வேறு குளத்திலிருந்து தண்ணீர் திறந்துவிட்டிருந்தாலும் குளம் நிறையும். சொன்ன இரண்டும் உண்மையாக இருக்க, முடிவு மட்டும் பிழைக்கலாம். இப்படி வாதத்தின் வடிவத்தைத் தனியே எடுத்துச் சோதிப்பதை கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டிலேயே அரிஸ்ரோட்டில் ஒரு துறையாக வளர்த்துவிட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒழுக்கவியலும் அதோடு ஒட்டிய அரசியல் மெய்யியலும். தண்ணீரை எப்படிப் பங்கிடுவது நியாயம்? மொத்த விளைச்சல் கூடினால் சரி என்று சொல்லலாம். பெந்தாமும் மில்லும் வளர்த்த பயன்வழிக் கொள்கை கிட்டத்தட்ட அந்தப் பக்கம்தான். ஆனால் அப்படிப் பார்த்தால், வழியிலேயே தண்ணீர் வீணாகிறது என்று சொல்லி வாய்க்காலின் கடைக்கோடி வயல்களைக் காயவிட நேரலாம். ஒரு மனிதனை மற்றவர்களின் நன்மைக்கு வெறும் கருவியாக ஆக்கக்கூடாது என்று ஜேர்மன் மெய்யியலாளர் கான்ட் இதை மறுப்பார். 1971இல் ஜோன் றோல்ஸ் வேறொரு வழி சொன்னார். சமூகத்தில் நமக்கு எந்த இடம் கிடைக்கும் என்று தெரியாத நிலையில் விதிகளை வகுப்போம், அவையே நியாயமான விதிகள் என்றார். நம்முடைய கூட்டத்துக்கு அதைக் கொண்டுவந்தால், உங்கள் வயல் வாய்க்காலின் தலைப்பிலா கடைசியிலா என்று தெரியாமலே பங்கு முறைக்குக் கை தூக்க வேண்டும். அப்போது கடைசி வயல்காரனை யாரும் மறக்கமாட்டார்கள். மூன்று வருடம் கழித்து ரொபேட் நோசிக் அதற்கு மறுப்பு எழுதினார்: தலைப்பு வயலை ஒருவன் நேர்மையாகக் கூடிய காசு கொடுத்து வாங்கியிருந்தால், அவன் உரிமையை எப்படி ஒதுக்குவது? நான் றோல்சின் பக்கம்தான். ஆனாலும் நோசிக்கின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அந்தப் பக்கம் நிற்க முடியாது.

“மழை இல்லை, எல்லாம் விதி” என்று யாராவது சொன்னால் பேச்சு பௌதிகவதீதம் என்ற பிரிவுக்குப் போய்விடும். எல்லாம் முன்னமே தீர்ந்தது என்றால், இரவில் வாய்க்காலை வெட்டித் தண்ணீர் திருப்பினவனை எப்படிக் குற்றம் சொல்வது? உண்மையில் எவை இருக்கின்றன, ஆன்மா உண்டா, காரணம் என்றால் என்ன என்ற கேள்விகளெல்லாம் இங்கேதான். அழகியலும் ஒரு பிரிவு. வடமோடிக் கூத்தில் துயரக் காட்சியைப் பார்த்து அழுதுகொண்டே ஏன் ரசிக்கிறோம் என்பது அதன் கேள்விகளில் ஒன்று.

சரி, சமயம். பயப்பட வேண்டாம். மெய்கண்டாரின் சிவஞானபோதம் இறைவன் உண்டு என்று சொல்லிவிட்டு நகரவில்லை. உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது, ஆகவே அதற்கு ஒரு கருத்தா வேண்டும் என்று காரணம் காட்டித்தான் முதற் சூத்திரம் பேசுகிறது. இஸ்லாமிய மரபில் இமாம் கஸ்ஸாலி மெய்யியலாளரை மறுத்து எழுதினார். இப்னு றுஷ்து அவரை மறுத்து எழுதினார். இரண்டு பேருமே பெரிய மார்க்க அறிஞர்கள். ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது: வகுப்பில் கடவுள் உண்டு என்ற வாதமும் இல்லை என்ற வாதமும் ஒரே உரைகல்லில் உரசிப் பார்க்கப்படும். மகள் வீட்டுக்கு வந்து கடினமான கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள்.

வேலை விடயத்தில், மருத்துவம்போல நேரே ஒரு தொழிலுக்குக் கொண்டுபோய் விடும் படிப்பு இது இல்லை. பட்டதாரி ஆசிரியர் நியமனம், இலங்கை நிர்வாக சேவையின் திறந்த போட்டிப் பரீட்சை, பிறகு சட்டம், ஊடகம் ஆகியவை இருக்கின்றன. வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இவற்றுக்கெல்லாம் உதவும், ஆனால் பரீட்சைக்குத் தனியாகத்தான் தயாராக வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் துறை இருக்கிறது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கலைப் பீடங்கள் உண்டு. எங்கே என்ன பாடம் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் இந்த வருடக் கைநூலில் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள். கலைப் பீடங்களில் முதலாம் வருடம் பொதுவாகப் பல பாடங்கள் எடுப்பார்கள். மெய்யியலோடு அரசறிவியலையோ பொருளியலையோ சேர்த்துக்கொள்ளட்டும். ஆங்கில வாசிப்பையும் இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். மெய்யியலில் அவள் தேடப்போகும் நூல்களில் பெரும்பாலானவை இன்னும் தமிழுக்கு வரவில்லை.