அந்தமானுக்கு 'பெர்மிட்' கட்டணமா?

கேள்வி: அறுபது தாண்டிய அப்பா, அம்மாவோடு மூன்று நாள் போர்ட் பிளேர் போகிறோம். ஏஜென்ட் 'அந்தமான் பெர்மிட்' என்று ஆளுக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். கட்டத்தான் வேண்டுமா? பெரியவர்கள் அலையாமல் என்னென்ன பார்க்கலாம்? – மதுரை வாசகர்

பதில்: கட்டாதீர்கள். இந்தியர்கள் போர்ட் பிளேர், ராஸ், ஹேவ்லாக் போவதற்கு பெர்மிட்டே கிடையாது. ஆதார் அட்டை போதும்.

இன்னொரு தில்லுமுல்லும் நடக்கிறது. 2018-ல் ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு ஆனது. 2024-ல் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம். பெயர் மாற்றுகிறவர்களுக்குக் கையெழுத்தோடு வேலை முடிந்தது. குழப்பம் நம் தலையில். ஒரே தீவைப் பழைய பெயரில் ஒன்று, புதுப் பெயரில் ஒன்று என்று இரண்டு இடமாக எழுதிய பேக்கேஜ் தாளை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் தாளையும் ஒத்துப் பாருங்கள்.

அனுமதி வேண்டிய இடம் பாராடாங் தீவு. அங்குள்ள சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள் போகிறது. ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் படிவம் கொடுத்து, குறித்த நேரத்தில் வண்டிகள் வரிசையாகக் கிளம்பும் கான்வாயில்தான் போக முடியும். வழியில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, பிஸ்கட் நீட்டக் கூடாது. மீறினால் ஜெயில் வரை போகும். "ஜாரவாவைக் காட்டுறேன் சார்" என்று கண்ணடிக்கிற டிரைவரின் வண்டியில் ஏறவே ஏறாதீர்கள். விடியுமுன் கிளம்ப வேண்டிய பயணம். பெரியவர்களோடு வேண்டாம் என்பேன்.

போர்ட் பிளேரில் அபர்தீன் பஜார் பக்கம் அறை எடுங்கள். செல்லுலார் ஜெயிலுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். கட்டடத்தின் ஏழு சிறகுகளில் ('விங்') மூன்றுதான் மிச்சம். ஒரு சிறகின் அறைக்கதவு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்து இருக்கும். கைதிக்குக் கைதி முகம் தெரியாது. மாடிப்படி ஏற முடியாவிட்டால் அம்மா கீழேயே உட்காரட்டும். இரவு ஒலி-ஒளிக் காட்சிக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். டிசம்பரில் மாலை ஐந்துக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். கடற்கரையை நாலு மணிக்கே முடியுங்கள்.

ஹேவ்லாக் போனால், திரும்புகிற அன்றே விமானம் வைக்காதீர்கள். காற்றடித்தால் கப்பல் நிற்கும். எப்போது கிளம்பும் என்று கேட்டால் கவுன்டரில் உதட்டைப் பிதுக்குவார்கள்.

ராஸ் தீவுக்குப் படகில் கொஞ்ச நேரம்தான். இடிந்த சர்ச்சைக் கவ்விய மரவேர்களும் கூச்சமில்லாத மான்களும் அப்பாவுக்குப் பிடிக்கும். ஆனால் புதன்கிழமை அங்கே விடுமுறை. ஏஜென்ட் எந்தக் கிழமை போட்டிருக்கிறார் என்று இப்போதே பாருங்கள்.