கப்பல் பயணத்தில் டிப்ஸ்: யாருக்கு, எப்போது, எவ்வளவு?

முதல் முறையாகச் சொகுசுக் கப்பல் பயணம் செல்லவிருக்கும் வாசகர்கள் சிலர், கப்பல் ஊழியர்களுக்கு டிப்ஸ் கொடுப்பது குறித்துக் கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: நானும் என் கணவரும் ஏழு இரவுப் பயணத்துக்கு முழுக் கட்டணத்தையும் செலுத்திவிட்டோம். இப்போது, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு டாலர் என்று டிப்ஸ் தனியாக வசூலிக்கப்படும் எனத் தகவல் வந்திருக்கிறது. மனம் விரும்பிக் கொடுப்பதுதானே டிப்ஸ்? அதை எப்படிக் கட்டணம் போல வசூலிக்கிறார்கள்?

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. பெயரளவில்தான் இது டிப்ஸ். நடைமுறையில் பயணக் கட்டணத்தின் ஒரு பகுதி. ராயல் கரீபியன், கார்னிவல், பிரின்சஸ், நார்வீஜியன் போன்ற பெரிய நிறுவனங்களின் கப்பல்களில் சாதாரண அறைகளில் தங்குவோருக்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரையும், சூட் வகை அறைகளில் தங்குவோருக்கு அதைவிடச் சில டாலர்கள் கூடுதலாகவும் கப்பல் கணக்கில் தானாகவே ஏறிவிடும். 18 டாலர் என்று வைத்துக்கொண்டால், உங்கள் இருவருக்கும் ஏழு இரவுகளுக்கு 252 டாலர் ஆகிறது. குழந்தைகளுக்கும் பல நிறுவனங்கள் முழுத் தொகையை வசூலிக்கின்றன. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு மட்டும் சில நிறுவனங்கள் விலக்கு அளிக்கின்றன. எனவே, நான்கு பேர் கொண்ட குடும்பம் 500 டாலருக்கு மேல் ஒதுக்கி வைத்துக்கொண்டு புறப்படுவதே நல்லது.

முன்பு இந்த ஏற்பாடு வேறு விதமாக இருந்தது. ஒவ்வொரு பயணிக்கும் இரவு உணவுக்குக் குறித்த நேரமும் குறித்த மேசையும் ஒதுக்கப்பட்டிருந்ததால், பயணம் முழுவதும் ஒரே ஊழியர்தான் பரிமாறுவார். கடைசி இரவில் கேபின் பணியாளருக்கும், பரிமாறியவருக்கும், அவருடைய உதவியாளருக்கும், உணவுக்கூட மேற்பார்வையாளருக்கும் தனித்தனி உறைகளில் பணம் வைத்துக் கொடுப்பது வழக்கம். 2000ஆம் ஆண்டில் நார்வீஜியன் நிறுவனம், விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடலாம் என்ற முறையைக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் நெகிழ்வான உணவு நேரங்களுக்கு மாறின. இன்று ஒருவர், நாளை வேறொருவர் பரிமாறும்போது யாருக்கு உறை கொடுப்பது என்ற சிக்கல் எழுந்ததால், தினசரித் தொகையை மொத்தமாகத் திரட்டிப் பகிர்ந்தளிக்கும் முறை நிலைபெற்றது. இதில் ஒரு நன்மையும் உண்டு. சலவைப் பிரிவிலும் சமையல்கூடத்திலும் பயணிகள் கண்ணில் படாமல் உழைப்பவர்களுக்கும் பல கப்பல்களில் இந்தத் தொகையிலிருந்து ஒரு பங்கு போகிறது. உறை முறையில் அவர்களுக்கு எதுவும் கிடைத்ததில்லை.

ஆனால் இதை வெறும் நன்றிப் பணம் என்று நிறுவனங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பெரும்பாலான சொகுசுக் கப்பல்கள் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை. ஆகவே, அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டாலும் அந்நாட்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவற்றின் ஊழியர்களைச் சேராது. பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து வரும் பணியாளர்கள் ஆறு முதல் ஒன்பது மாத ஒப்பந்தத்தில், பெரும்பாலும் வார விடுமுறையின்றி வேலை செய்கிறார்கள். 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, வாரத்துக்கு 72 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றோ, 77 மணி நேர ஓய்வாவது தர வேண்டும் என்றோ இரண்டில் ஒரு வரம்பை நாடுகள் தேர்ந்துகொள்ளலாம். அந்த வரம்புக்கு உட்பட்டே ஒருவரை நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க முடியும். பரிமாறுவோர், கேபின் பணியாளர் போன்றோரின் வருமானத்தில் நீங்கள் செலுத்தும் தினசரித் தொகைதான் பெரும் பங்கு வகிக்கிறது. இதைப் பயணக் கட்டணத்திலேயே சேர்த்துவிட்டால் விளம்பரத்தில் விலை கூடுதலாகத் தெரியும் என்பதே தனியாக வசூலிப்பதற்கு முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

புறப்படும் முன்பே செலுத்தும் வசதி இருந்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இடையில் விகிதம் உயர்ந்தாலும் முன்பணம் செலுத்தியவர்களுக்கு வழக்கமாகப் பழைய தொகையே நீடிக்கும். இறுதி நாளில் கணக்கைப் பார்த்துத் திடுக்கிடவும் வேண்டியிருக்காது.

கேள்வி: அந்தத் தினசரித் தொகையை வரவேற்பு மேசையில் சொல்லி நீக்கிவிடலாம், பிறகு நமக்குப் பிடித்தவர்களுக்கு மட்டும் கையில் கொடுக்கலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். இது சரியா?

பதில்: பல நிறுவனங்களில் பயணம் முடிவதற்குள் கேட்டால் தொகையைக் குறைக்கவோ நீக்கவோ முடியும்; சில நிறுவனங்கள் எழுத்து மூலமாக விண்ணப்பிக்கச் சொல்கின்றன. முடியும் என்பதால் செய்யலாம் என்று ஆகிவிடாது.

நண்பர் சொல்லும் வழியில் இரண்டு குறைகள் உள்ளன. முதலாவது, நீங்கள் பார்க்கும் நான்கு பேருக்குப் பின்னால் நீங்கள் பார்க்காத பலருடைய பங்கும் அந்தத் தொகையில் அடங்கியிருக்கிறது. அதை நீக்கினால் இழப்பு அவர்களுக்கு. இரண்டாவது, தினசரித் தொகையை நீக்கிய பயணிகளிடமிருந்து கையில் பெறும் பணத்தையும் ஊழியர்கள் பொதுத் தொகையில் சேர்த்துவிட வேண்டும் என்ற விதி சில கப்பல்களில் இருக்கிறது. அப்படியானால் நீங்கள் குறிப்பிட்ட ஒருவருக்கென்று கொடுத்தது அவரிடம் தங்காது.

சேவையில் உண்மையாகவே குறை இருந்தால் அதை அன்றைக்கே வரவேற்பு மேசையில் சொல்லுங்கள். அறை சரியாகச் சுத்தம் செய்யப்படவில்லை என்று இரண்டாம் நாளில் சொன்னால் மூன்றாம் நாளில் சரியாகும். கடைசி நாளில் சொல்லித் தொகையைக் குறைத்தால் யாருக்கும் பயனில்லை. குளிர்சாதனம் வேலை செய்யவில்லை, ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்காமல் போய்விட்டது என்பன போன்ற குறைகளுக்குப் பரிமாறுபவரும் துப்புரவாளரும் பொறுப்பல்லர். அவற்றுக்கான இழப்பீட்டை நிறுவனத்திடம் கேட்பதுதான் முறை.

கேள்வி: தினசரித் தொகை தானாகக் கழிக்கப்பட்ட பிறகும் கையில் தனியாகக் கொடுக்க வேண்டுமா? கொடுப்பதானால் எப்போது, எவ்வளவு?

பதில்: கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. தினசரித் தொகையைச் செலுத்திவிட்டு வேறெதுவும் கொடுக்காமல் இறங்குகிற பயணியை யாரும் குறை சொல்ல முடியாது. இதை முதலில் அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏனெனில் அனுபவமுள்ள பயணிகள் சிலர் தாராளமாகக் கொடுப்பதைப் பார்த்துப் புதியவர்கள் கூச்சத்தினாலேயே சக்திக்கு மீறிக் கொடுப்பதுண்டு.

கொடுக்க விரும்பினால், உங்களுக்காகத் தனிப்பட்ட முறையில் சிரமப்பட்டவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் முதலில் நினைவுக்கு வருபவர் கேபின் பணியாளர். ஏழு இரவுப் பயணத்தில் அவருக்கு அறைக்கு 20 முதல் 40 டாலர் வரை கொடுப்பது பரவலாகக் காணப்படும் அளவு. சிறு குழந்தைகளோ நடமாட இயலாத முதியவரோ உடனிருந்து, அதனால் அவருக்கு வேலை கூடியிருந்தால், இன்னும் சற்றுச் சேர்த்துக் கொடுப்பது பொருத்தம். ஒரே மேசையில் தினமும் சாப்பிட்டீர்கள், உங்களுக்கு ஒவ்வாத உணவுப் பொருள்களை நினைவில் வைத்திருந்து அவர்கள் மாற்று உணவு ஏற்பாடு செய்தார்கள் என்றால் பரிமாறியவருக்கும் அவருடைய உதவியாளருக்கும் இதேபோலக் கொடுக்கலாம். ரூம் சர்வீஸில் உணவு கொண்டுவருபவருக்குக் கதவருகே 2 முதல் 5 டாலர் போதும். குழந்தைகள் மன்றத்தில் பணிபுரிவோர் பல கப்பல்களில் தினசரித் தொகையின் பங்கீட்டில் சேருவதில்லை. உங்கள் பிள்ளை நாள்தோறும் அங்கேயே பொழுதைக் கழித்திருந்தால் அவர்களையும் மறக்க வேண்டாம்.

எப்போது கொடுப்பது என்பதில் இரு கட்சிகள் உண்டு. கப்பல் ஏறிய அன்றே கேபின் பணியாளரிடம் பாதியைக் கொடுத்துவிட்டால் கவனிப்பு நன்றாக இருக்கும் என்பார் சிலர். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் செய்யாத வேலைக்கு முன்கூட்டியே கொடுப்பது எனக்கு உவப்பானதன்று. சிறப்பான தேவை ஏதேனும் இருந்து, அதற்காக முதல் நாளே அவரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறீர்கள் என்றால் மட்டும் முன்னதாகக் கொடுப்பதில் பொருளுண்டு. மற்றபடி கடைசி நாளுக்கு முந்தைய நாள் மாலையே ஏற்ற நேரம். இறங்கும் நாள் காலையில் அறைகளை விரைவாகக் காலி செய்ய வேண்டியிருக்கும். அவர் அடுத்த பயணிகளுக்காக அறையைத் தயார் செய்யும் அவசரத்தில் இருப்பார். நீங்கள் தேடும்போது அகப்படமாட்டார். பரிமாறுபவரை இறுதி இரவு உணவின்போதே பார்த்துவிடலாம்.

பணத்தை ஓர் உறையில் இட்டு, மேலே அவருடைய பெயரை எழுதி, நேரில் கையில் கொடுங்கள். அறையில் மேசைமீது தாள்களை விட்டுச் செல்வது நல்லதன்று. பயணி மறந்துவிட்டுப்போன பணமோ என்று அவர் தயங்கக்கூடும். நாணயங்களையும் தவிர்க்க வேண்டும்; அவற்றை ஊழியர்கள் தம் நாட்டில் மாற்ற இயலாது. ஒரு டாலர், ஐந்து டாலர் தாள்களாகப் புறப்படும் முன்பே மாற்றி எடுத்துச் செல்லுங்கள். வரவேற்பு மேசையில் சில்லறைக்காக நிற்கும் வரிசை கடைசி நாள்களில் மிக நீளமாக இருக்கும்.

கேள்வி: பாரில் ஒவ்வொரு முறையும் பில்லில் டிப்ஸ் எழுத ஓர் இடம் விட்டிருக்கிறார்கள். எழுதாவிட்டால் தவறா?

பதில்: கையெழுத்திடும் முன் பில்லை ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். பானத்தின் விலைக்கு மேல் 18 அல்லது 20 விழுக்காடு சேவைக் கட்டணம் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கும். 12 டாலர் பானம், 18 விழுக்காடு சேர்ந்து 14 டாலர் 16 சென்ட் ஆகியிருக்கும். அதன் கீழே உள்ள காலி இடம் விருப்பமுள்ளோர் இன்னும் கொடுப்பதற்காக. ஒரு கோடு போட்டுவிட்டுக் கையெழுத்திடுவதில் எந்தத் தவறும் இல்லை. பானங்களுக்கான மொத்தத் திட்டத்தை முன்பே வாங்கியிருந்தாலும் இதே விழுக்காடு அதன் விலையோடு சேர்த்தே வசூலிக்கப்பட்டிருக்கும். ஸ்பாவிலும் பெரும்பாலும் இப்படித்தான். உங்கள் முகத்தைப் பார்த்ததும் விருப்பமான பானத்தைக் கலக்கத் தொடங்குகிற பார் ஊழியர் ஒருவர் இருந்தால், கடைசி இரவில் ஒரு தாளை நீட்டலாம். ஒவ்வொரு கோப்பைக்கும் தனித்தனியே கொடுக்கத் தேவையில்லை.

கேள்வி: கேப்டனுடன் விருந்துண்ண அழைப்பு வந்திருக்கிறது. அவருக்கு ஏதேனும் கொடுக்க வேண்டுமா?

பதில்: கூடவே கூடாது. கேப்டன், கப்பல் அதிகாரிகள், மருத்துவர், செவிலியர், கேளிக்கை நிகழ்ச்சிகளின் இயக்குநர் ஆகியோருக்குப் பணம் நீட்டுவது அவர்களைச் சங்கடப்படுத்தும். நன்றி சொல்லிக் கைகுலுக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்லாக் கப்பல்களிலும் இந்தத் தொந்தரவு உண்டா? டிப்ஸே இல்லாத கப்பல் எதுவும் இல்லையா?

பதில்: இருக்கின்றன. சில்வர்சீ, சீபோர்ன், ரீஜென்ட் செவன் சீஸ் போன்ற உயர்தர நிறுவனங்களில் டிப்ஸ் கட்டணத்திலேயே அடங்கிவிடுகிறது. பிரிட்டனின் பி அண்டு ஓ நிறுவனம் 2019 முதல் தனிச் சேவைக் கட்டணத்தை நீக்கி, பயணக் கட்டணத்தோடு இணைத்துவிட்டது. இத்தகைய கப்பல்களில் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. இரு நிறுவனங்களின் விலையை ஒப்பிடும்போது இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மலிவாகத் தெரிவது தினசரித் தொகையைக் கூட்டிய பிறகு மலிவாக இல்லாமல் போகலாம்.

கேள்வி: கப்பலுக்கு வெளியே, துறைமுகத்தில் பெட்டி தூக்குபவருக்கும் சுற்றுலா வழிகாட்டிக்கும்?

பதில்: இவர்கள் கப்பல் ஊழியர்கள் அல்லர், உங்கள் தினசரித் தொகையில் ஒரு சென்ட் கூட இவர்களைச் சேராது. அமெரிக்கத் துறைமுகங்களில் பெட்டிகளை வாங்கிக்கொள்ளும் போர்ட்டருக்குப் பெட்டி ஒன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர் கொடுப்பது வழக்கம். ஆகவே, கப்பல் ஏறும் முன்பே சில்லறைத் தாள்கள் கையில் இருக்க வேண்டும். கரையில் பேருந்துச் சுற்றுலா முடிந்து இறங்கும்போது வழிகாட்டிக்கு ஆளுக்குச் சில டாலர்களும், ஓட்டுநருக்கு அதைவிடக் குறைவாகவும் கொடுக்கலாம். ஆனால் கப்பல் எந்த நாட்டில் நிற்கிறதோ அந்த நாட்டு வழக்கத்தைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். எடுத்துக்காட்டாக, ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் இல்லை. நீங்கள் நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிடக்கூடும்.

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழும் எங்களால் தினசரித் தொகைக்கு மேல் கொடுக்க இயலாது. அன்போடு கவனித்துக்கொண்டவருக்கு வேறு எப்படி நன்றி காட்டுவது?

பதில்: பயணம் முடியும்போதோ முடிந்த பிறகோ நிறுவனம் அனுப்பும் கருத்துப் படிவத்தில் அவருடைய பெயரையும் பணிப்பிரிவையும், அவர் என்ன செய்தார் என்பதையும் இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். பயணிகளின் பாராட்டு மேலதிகாரிகளின் கவனத்துக்குப் போகிறது. அடுத்த ஒப்பந்தத்தின்போதும் பதவி உயர்வின்போதும் அது துணை நிற்கக்கூடும். எல்லோரும் நன்றாகக் கவனித்தார்கள் என்று பொதுவாக எழுதினால் அதன் பலன் ஒருவருக்கும் போய்ச் சேராது. பெயர் அவர்களது சட்டையில் குத்திய அட்டையில் இருக்கும். எழுத்துப் பிழையில்லாமல் முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.