செகண்ட் ஹேண்ட் புராசஸர்: நீங்க கேட்டது, என் பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதிக்கு மேல "புராசஸர் செத்துடுச்சா?"ங்கறதுதான். நான் பாத்த வரைக்கும் ஒரு கம்ப்யூட்டர்ல கடைசியா சாகுற பார்ட் அதுதான், அதனால தூக்கி போடுறதுக்கு முன்னாடி இதை ஒருதடவை படிச்சிடுங்க.

கேள்வி: டப்பா இல்ல, பில் இல்ல, ஐ5-னு சொல்லி கொடுத்தாங்க. உண்மையான்னு எப்படி பாக்குறது?

முதல்ல புராசஸர் மேல காஞ்சு கெடக்குற பேஸ்டை, அதாவது சூட்டை ஃபேன் இருக்குற கூலருக்கு கடத்த தடவுற பசையை, துடைங்க. பஞ்சுல கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு மெதுவா தேய்ச்சா வந்துடும். அப்புறம் போன் டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிங்க, மங்கின எழுத்து கூட எழும்பி தெரியும். அதுல எஸ்ஆர்-னு ஆரம்பிக்கிற அஞ்சு எழுத்து கோடு ஒண்ணு இருக்கும், அதுதான் முக்கியம். எஸ்ஆர்0டி8-னா ஐ5-3470, எஸ்ஆர்0பிகே-னா ஐ7-3770. வெறும் ஐ5-னு சொன்னா ஒண்ணுமே சொல்லாத மாதிரிதான், ஏன்னா 2011ல வந்த ஐ5-2400ம் ஐ5தான், 2017ல வந்த ஐ5-8400ம் ஐ5தான், ஆனா முதல்ல சொன்னதுல 4 கோர், அடுத்ததுல 6, சாக்கெட்டும் (மதர்போர்டுல புராசஸர் உக்கார்ற இடம்) வேற, ரேமும் வேற. மலேசியா, கோஸ்டா ரிகா, வியட்நாம்னு போட்டிருக்கறதை பாத்து பயப்படாதீங்க, அது எங்க அசெம்பிள் ஆச்சுன்னு சொல்றது மட்டும்தான். இன்டெல் கான்ஃபிடென்ஷியல்னு இருந்தா அது டெஸ்டிங்குக்கு செஞ்ச சாம்பிள், திருப்பி கொடுத்துடுங்க. எழுத்தை தேய்ச்சு எடுத்துட்டு வேற நம்பரை லேசர்ல போட்டு விக்கிற ஆளுங்களும் இருக்காங்க, அதனால காசு கொடுக்குறதுக்கு முன்னாடி கடையிலயே ஒரு போர்டுல மாட்ட சொல்லி சிப்போட பேரை காட்டுற சிபியு-இசட் சாஃப்ட்வேரை ஓட்டி பாருங்க. மேல என்ன எழுதினாலும் உள்ள இருக்குற பேர் மாறாது.

கேள்வி: எச்61 மதர்போர்டுல 2வது ஜென் (தலைமுறை) ஐ3 நல்லா ஓடுச்சு. ஐ7-3770 போட்டா ஃபேன் சுத்துது, டிஸ்பிளே இல்ல.

பயாஸ், அதாவது போர்டை எழுப்பி விடுற உள் சாஃப்ட்வேர், பழசா இருக்கும். சாக்கெட் அதே எல்ஜிஏ1155தான்னாலும் போர்டுக்கு 3வது ஜென் சிப்பை அடையாளம் தெரியணுமில்ல. பழைய ஐ3-ஐ திரும்ப மாட்டி, போர்டு மேல அச்சடிச்சிருக்குற மாடலும் ரிவிஷன் நம்பரும் ரெண்டும் பொருந்துற ஃபைலை மட்டும் எடுத்து அப்டேட் பண்ணுங்க, சில போர்டுல எம்இ ஃபர்ம்வேரையும் (போர்டுல இருக்குற இன்டெல்லோட இன்னொரு உள் சாஃப்ட்வேர்) சேத்து ஏத்த வேண்டியிருக்கும். யுபிஎஸ் இல்லாம இந்த வேலைல கை வைக்காதீங்க, பாதில கரண்ட் போனா போர்டே போயிடும்.

கேள்வி: ஜியான் இ3-1230 வி2 (இன்டெல்லோட சர்வர் புராசஸர்) சல்லிசா கிடைச்சுது, படமே வரல.

அதுக்குள்ள படம் காட்டுற கிராஃபிக்ஸ் கிடையாது, தனியா கார்டு போடுங்க. இன்டெல்ல நம்பருக்கு பின்னாடி எஃப் இருந்தாலும், ஏஎம்டியோட ரைசன் 5 3600-னாலும் இதே கதைதான்.

கேள்வி: புராசஸர் மாத்தினதுக்கு அப்புறம் 16 ஜிபி ரேம்ல 8 மட்டும்தான் காட்டுது. சிப் டேமேஜா?

இருக்கலாம், ஆனா அதை கடைசியா சந்தேகப்படுங்க. ரேமை கண்ட்ரோல் பண்றது புராசஸருக்கு உள்ளயே இருக்கு, அதுக்கு போற லைன் சாக்கெட் பின் வழியாதான் போகுது, ஒரு பின் தொடலைன்னா ஒரு பக்க ஸ்லாட்டே காணாம போயிடும். என்கிட்ட இப்படி ஒரு போர்டு வந்துச்சு, ரேமை ரப்பர் போட்டு அழிச்சேன், ஸ்லாட் மாத்தினேன், ரெண்டு நாள் போச்சு. அப்புறம் போன் கேமராவை ஸூம் பண்ணி சாக்கெட்டை பாத்தா எல்லா பின்னும் ஒரே திசைல வயல்ல நாத்து சாஞ்ச மாதிரி பளபளன்னு இருக்கு, ஓரத்துல ஒண்ணு மட்டும் பக்கத்து பின் மேல படுத்து கெடக்கு. மெல்லிசு ஊசியால மயிரிழை அளவுக்கு நிமித்தி விட்டதும் 16ம் வந்துடுச்சு. பின் எல்லாம் நேரா இருந்தா கூலர் ஸ்க்ரூவை பாருங்க, ஒரு பக்கம் மட்டும் இறுக்கினாலும் இதே பிரச்சனை வரும்.

கேள்வி: ரைசன் கூலரை எடுத்தேன், சிப்பும் ஒட்டிக்கிட்டு வந்து பின் வளைஞ்சிடுச்சு.

ரைசன் உக்கார்ற ஏஎம்4 சாக்கெட் வகைல 1331 பின், எல்லாம் சிப்புலயே இருக்கும். உள்ள இருக்குற எழுதுற குச்சியை எடுத்த மெக்கானிக்கல் பென்சிலோட முனைல பின்னை நுழைச்சு கொஞ்சம் கொஞ்சமா நிமித்துங்க, ஒரே தடவைல இழுத்தா உடையும். வரிசை நேரா இருக்கான்னு ஏடிஎம் கார்டு ஓரத்தை வச்சு பாருங்க. இனிமே கழட்டுறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஓட விட்டு ஆஃப் பண்ணி, பேஸ்ட் சூடா இருக்கும்போதே இடம் வலமா திருப்பிட்டு அப்புறம் தூக்குங்க.

கேள்வி: ஐ9-13900கே பாதி விலைக்கு வருது, வாங்கலாமா?

இதுல மட்டும் நான் ரொம்ப கண்டிப்பா சொல்வேன். 13, 14வது ஜென் டெஸ்க்டாப் சிப்புகள்ல அதிக வோல்டேஜ் போய் சிப்பே கெட்டுப்போற பிரச்சனை இருந்துச்சு, இன்டெல்லே ஒத்துக்கிட்டு 2024 ஆகஸ்ட்ல 0எக்ஸ்129, செப்டம்பர்ல 0எக்ஸ்12பி-னு மைக்ரோகோடு (பயாஸ் வழியா சிப்புக்கு போற அப்டேட்) விட்டாங்க. ஆனா அது இனிமே கெடாம காக்கும், ஏற்கனவே கெட்டதை சரி பண்ணாது. முன்னாடி வச்சிருந்தவர் அப்டேட் போட்டாரான்னு உங்களுக்கு எப்படி தெரியும்? பெரிய கேம் இன்ஸ்டால் ஆகும்போது எரர், கிராஃபிக்ஸ் கார்டு நல்லா இருந்தும் வீடியோ மெமரி பத்தலைன்னு மெசேஜ், பெரிய ஜிப் ஃபைலை விரிச்சா கரப்ட்னு வர்றது, இதெல்லாம் அதோட அறிகுறி. இன்டெல் பாக்ஸ்ல வந்த சிப்புக்கு வாரண்டியை 2 வருஷம் நீட்டிச்சிருக்காங்க, அதனால பில்லும் பாக்ஸும் சேத்து கொடுத்தா மட்டும் யோசிங்க, வெறும் சிப்பா எவ்வளவு குறைச்சு கொடுத்தாலும் வேண்டாம்.