கரியின் ருசி – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேலை நிமித்தமாக மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், எர்மொசீயோ நகரில் எட்டு மாதமாக இருக்கிறேன். போன மாதம் 15ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே சினலோவாவுக்குப் போனபோது, லோஸ் மோச்சிஸ் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் ‘பொயோ அசாதோ’ சாப்பிட்டோம். நெடுக்கே அறுத்த இரும்புப் பீப்பாய் அடுப்பு, பிளந்து விரித்த கோழிகள், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. அவ்வளவுதான் கடை. இப்படி ஒரு சுட்டகோழியை நான் சாப்பிட்டதே இல்லை. என்ன மசாலா என்று கேட்டால் ‘ஆரஞ்சு, பூண்டு, உப்பு’ என்று சிரிக்கிறார்கள். மறைக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மஞ்சள்தூள் நிச்சயம் உண்டு, தோல் அப்படி மஞ்சளாக இருந்தது. வீட்டில் எலுமிச்சை, மிளகாய்த்தூள், கரம் மசாலா தடவி ராத்திரி முழுக்க ஊறவைத்துக் கரியடுப்பில் சுட்டேன். மேலே கருகி, உள்ளே வேகாமல், சதை மாவாகிவிட்டது. அந்த மசாலா என்னவாக இருக்கும்? எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருந்ததே, அது வேகாத கோழியா? இந்த மாதிரிக் கடைகளில் சாப்பிடலாமா? ஒரே குறை தோர்த்தீயா என்ற அந்த மக்காச்சோள ரொட்டி. சுண்ணாம்பு வாடை. அந்தக் கோழிக்குப் பரோட்டா மட்டும் இருந்திருந்தால்!

கா.

அன்புள்ள கா.,

சீமைக்கருவேலத்தை ஏன் வேரோடு பிடுங்கவில்லை என்று கேட்டு வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்த நேரத்தில் உங்கள் கோழி வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே விஷயம்தான். எப்படி என்று சொல்கிறேன், அதற்கு முன்னால் உங்களைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன்.

வெயிலில் அடுப்படியில் நிற்கிற ஒரு மனிதர் கேட்டதும் உண்மையைச் சொல்கிறார். நீங்கள் மறைக்கிறார் என்கிறீர்கள். இது நம் ஆட்களுக்கே உரிய வியாதி. நாக்குக்கு எது பிடித்தாலும் அதில் ஒரு ரகசியப் பொடி இருந்தாக வேண்டும். அவர் சொன்னது முழுப் பட்டியல், அதிகம் போனால் ஒரேகானோ என்கிற வாசனை இலையும் மிளகும் விட்டுப்போயிருக்கும். சில கடைகளில் நிறத்துக்கு அச்சியோத்தே விதை அரைத்துச் சேர்ப்பார்கள். நீங்கள் போன அதே சாலையில் அடுத்து வருகிற ஊர் குவாசாவே. அங்கே 1975இல் குவான் பிரான்சிஸ்கோ ஒச்சோவா தொடங்கிய கடைதான் ‘எல் பொயோ லோக்கோ’. 1980இல் லாஸ் ஏஞ்சலஸின் அல்வராடோ தெருவுக்குப் போய்ப் பெரிய சங்கிலிக் கடையாக வளர்ந்தது. அங்கேயும் பழச்சாறும் பூண்டும்தான்.

இன்னொன்று, ‘ஊறினால் மசாலா உள்ளே இறங்கும்’ என்பது பாதிப் பொய். உப்பு இறங்கும். மற்றதெல்லாம், உங்கள் கரம் மசாலா உட்பட, மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டரோடு நின்றுவிடும். எலுமிச்சைப் புளிப்பும் அவ்வளவு தூரம்தான் போகும், ஆனால் போன இடத்தில் சும்மா இருக்காது. புரதத்தைக் குலைத்து மேல்சதையை மாவாக்கிவிடும். ராத்திரி முழுக்க ஊறவைத்தீர்களே, அதன் பலன்தான் அது. மூன்று மணி நேரம் போதும், நான்கைத் தாண்டக் கூடாது. மேலே அப்பியிருந்த பொடி நேரடித் தணலில் ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. உங்கள் கோழியில் கருகியது தோல் இல்லை, கரம் மசாலா.

அப்படியானால் ருசி எங்கிருந்து வந்தது? கீழே குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அங்கே ஒரு மூட்டை கிடந்திருக்கும். சொனோராவிலும் சினலோவாவிலும் இந்தக் கோழி பெரும்பாலும் மெஸ்கீத்தே மரக் கரியில் வேகிறது. மெஸ்கீத்தே வேறு யாருமில்லை, நம் சீமைக்கருவேலத்தின் பங்காளி. இரண்டையும் புரோசோபிஸ் என்ற ஒரே பேரினத்தில் வைத்துத்தான் தாவரவியல்காரர்கள் எழுதிவந்தார்கள். அதே முள், அதே இனிப்பு நெற்று, அதே ஆழம் போகிற வேர். மெக்சிகோவும் அதைச் சுற்றியுள்ள நாடுகளும்தான் சீமைக்கருவேலத்துக்குப் பிறந்தகம். 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் விறகுக்கென்று வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்தான், வேலிக்காத்தான் என்று பெயர் வாங்கி வேலியைத் தாண்டிக் கண்மாய்க்குள் இறங்கியது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் இன்றும் கரிமூட்டம் போடுவது இந்த மரத்தை வெட்டித்தான். தேநீர்க்கடை பாய்லரும் இஸ்திரிப் பெட்டியும் தின்று தீர்த்த கரி அது. அங்கே சொனோராவில் கரிக்காக மெஸ்கீத்தேயை வெட்டி வெட்டி, கூடவே பாலைவன இரும்புமரத்தையும் வெட்டி, அந்த இரும்புமரத்தைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் சேர்க்க வேண்டிய நிலை வந்தது. அங்கே மெஸ்கீத்தே மெல்ல வளர்கிற செல்வம். இங்கே சீமைக்கருவேலம் என்று சொன்னாலே பொக்லைன் வருகிறது. மரத்தைத் திட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பிடுங்குங்கள், ஆனால் பிடுங்கியதை என்ன செய்யப் போகிறீர்கள்? நல்ல கரியாக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நல்ல கரி எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டத்தில் கட்டைகளை நெருக்கி அடுக்கி, சருகோ வைக்கோலோ போர்த்தி, மேலே மண் பூசி, காற்றுக்குச் சிறு துளைகள் மட்டும் விட்டுப் புகையவைப்பார்கள். முதலில் வெள்ளைப் புகை தடியாக வரும், அது மரத்தின் ஈரம். அது மெலிந்து நீலம் பாரித்ததும் துளைகளை அடைத்து ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் நடுவில் பழுப்பாக, அரைவேக்காடாக நிற்கும். அந்தக் கரி அடுப்பில் மறுபடி புகைந்து கோழியில் தார் வாடையை ஏற்றும். முழுசாக வெந்த கரியை ஒன்றோடொன்று தட்டினால் ஓட்டுச்சில்லைத் தட்டினாற்போலக் கிண்ணென்று கேட்கும். உடைத்த முகம் பளபளக்கும், கையில் அதிகம் ஒட்டாது. மெஸ்கீத்தே கரிக்கு ஒரே கெட்ட பழக்கம் பொறி பறப்பது. பற்றவைத்ததும் படபடவென்று தெறிக்கும். அது அடங்குகிற வரை கோழியைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, முகத்தையும்தான்.

நீங்கள் எதை ஊற்றிப் பற்றவைத்தீர்கள் என்று எழுதவில்லை. கடையில் விற்கிற தீமூட்டித் திரவமாகத்தான் இருக்கும். அதை விடுங்கள். சமையல் எண்ணெயில் நனைத்த காகிதச் சுருள் இரண்டு போதும். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். சிவப்பாகக் கொதிக்கிற கங்கில் கோழியைப் போடுகிறவன் கோழியை எரிக்கிறான். நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அதுதான் பதம். ஒவ்வொரு துண்டின் மேலும் வெள்ளைச் சாம்பல் மெல்லப் படிந்து, உள்ளே சிவப்பு மூச்சுவிட வேண்டும். கம்பி வலை இருக்கிற மட்டத்தில் உள்ளங்கையை நீட்டி எண்ணுங்கள். ஐந்து ஆறு வரை தாங்கினால் சரி. மூன்றிலேயே கை பின்வாங்கினால் தணல் அதிகம்.

அந்தப் பீப்பாயில் கங்குக்கும் வலைக்கும் ஒன்றரைச் சாண் இடைவெளி இருக்கும். வீட்டு அடுப்பில் அரைச் சாண்கூட இருக்காது. மேலே கருகி உள்ளே வேகாததற்குப் பாதிக் காரணம் அது. மீதிக் காரணம் நீங்கள் கோழியைப் பிளந்தீர்களா என்பது, அதையும் எழுதவில்லை. சிலர் முதுகுப் பக்கம் வெட்டுவார்கள், சிலர் நெஞ்சுப் பக்கம். எப்படி வெட்டினாலும் புத்தகம் போல விரித்து, உள்ளங்கையால் அழுத்தி எலும்பு நெரிகிற சத்தம் கேட்க வேண்டும். அப்போதுதான் தடிமன் ஒன்றாகும். தொடையும் காலும் சேர்கிற சந்தில் எலும்பு வரைக்கும் ஒரு கீறல் போட வேண்டும், அந்த இடம்தான் கடைசியில் வேகும்.

முதலில் எலும்புப் பக்கம் கீழே. ஒன்றரைக் கிலோ கோழிக்கு முப்பத்தைந்து, நாற்பது நிமிடம் அப்படியே கிடக்கட்டும். எலும்பு கேடயம் மாதிரி சூட்டை வாங்கி மெல்ல உள்ளே அனுப்பும், தோலில் உள்ள கொழுப்பு உருகிச் சதை வழியாக இறங்கும். பிறகு தோல் பக்கம் பத்து, பதினைந்து நிமிடம். அவசரக்காரர்கள் தோலை முதலில் போடுவார்கள். கொழுப்பு மொத்தமாகக் கங்கில் கொட்டும், தீ எழும்பும், புகைக்கரி படிந்து கசக்கும். சொட்டுச் சொட்டாக விழுந்தால் கதை வேறு. ஒவ்வொரு சொட்டும் கங்கில் பொசுங்கிப் புகையாக எழுந்து மறுபடி அந்தக் கோழியிலேயே படிகிறது. கா., நீங்கள் தேடுகிற மசாலா அந்தப் புகைதான்.

கடைக்காரர் கையில் மூடியில் ஓட்டை போட்ட தண்ணீர் பாட்டில் ஒன்று இருந்ததா? தீ எழும்புகிற இடத்தில் மட்டும் ஒரு பீச்சு, அதுவும் ஓரத்தில். நடுவில் பாய்ச்சினால் சாம்பல் எழுந்து கோழி மேல் உட்காரும். வீட்டில் உயரம் கிடைக்காவிட்டால் கங்கை இரண்டு ஓரங்களுக்கு ஒதுக்கி நடுவில் கோழியை வைத்து மூடி போட்டு வேகவையுங்கள். அப்படி விட்டால் சொட்டு கங்கில் விழாது, வாசனை வராது. அதனால் கடைசிப் பத்து நிமிடம் கங்கைப் பரப்பிவிட்டு நேராகக் காட்டுங்கள்.

மஞ்சள் நிறத்துக்கு வருகிறேன். அது மஞ்சள்தூள் இல்லை, பூ! மெக்சிகோக்காரர்களுக்குக் கோழித்தோல் மஞ்சளாக இருக்க வேண்டும், வெளுத்த கோழியை நோயாளி மாதிரி பார்ப்பார்கள். அதற்காகத் தீவனத்தில் செம்பசூச்சில் பூவின் சத்தைச் சேர்க்கிறார்கள். செம்பசூச்சில் என்பது நம் செண்டுமல்லி, ஆயுதபூஜைக்கு வண்டியில் கட்டுகிறோமே, அதேதான். அதற்கும் ஊர் மெக்சிகோ. நீங்கள் சாப்பிட்ட தட்டில் கோழி, ஆரஞ்சு, எலுமிச்சை, பூண்டு எல்லாம் ஸ்பானியர் கப்பலில் கொண்டுபோன வந்தேறிகள். மிளகாயும் தக்காளியும் மக்காச்சோளமும் அந்தக் கரியும்தான் மண்ணின் மைந்தர்கள்.

எலும்போரச் சிவப்பு பற்றிப் பயப்பட வேண்டாம். இப்போது வருவது ஆறேழு வாரக் குஞ்சுக் கோழி, எலும்பு முற்றியிருக்காது. மஜ்ஜையின் நிறம் கசிந்து ஒட்டின சதையைச் சிவக்கவைக்கும். காலைப் பிடித்துத் திருகினால் சந்து கழன்று வர வேண்டும், சாறு தெளிவாக இருக்க வேண்டும். வெப்பமானி இருந்தால் நெஞ்சுச் சதையில் 74 டிகிரி, தொடையில் 80. சதை கண்ணாடி மாதிரி வழுவழுவென்றிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சாப்பிடலாமா என்றால், சாப்பிட்டுவிட்டுத்தானே கேட்கிறீர்கள். கங்கில் வெந்த கோழியால் ஆபத்தில்லை. பச்சைக்கோழி வாளியில் தோய்த்த தூரிகையையே வெந்த கோழிக்கும் தடவுகிறார்களா, சால்சா என்கிற மிளகாய்த் துவையல் வெயிலில் திறந்து கிடக்கிறதா, இரண்டை மட்டும் பாருங்கள்.

தோர்த்தீயாவைக் குறை சொன்னதைத்தான் மன்னிக்க முடியவில்லை. வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிப் போடுகிற ஊரிலிருந்து போய்ச் சுண்ணாம்பு வாடை என்கிறீர்கள். ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குப் பத்து கிராம் சுண்ணாம்பு, மூன்று லிட்டர் தண்ணீர், அரை மணிக்கு மேல் கொதி, ராத்திரி முழுக்க ஊறல். தோல் கழன்று, அரைத்த மாவு ஒட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய காரியம், சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் சத்து உடம்புக்குக் கிடைக்கும். மக்காச்சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பியக் குடியானவர்கள் பெல்லாக்ரா நோய் வந்து செத்தார்கள். வாடை மூக்கில் அடித்தால் அந்தக் கடையில் ஊறிய சோளத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று பொருள். வேறு கடைக்குப் போங்கள். பரோட்டாவாம்! ஏற்கெனவே கொழுப்பு வழிகிற கோழிக்கு எண்ணெயில் குளித்த மைதாவா? தொடைக்கறியைத் தோலோடு விரலால் பிய்த்து, சூடான தோர்த்தீயாவில் வைத்து, சுட்ட வெங்காயத்தாள் ஒன்று, ஒரு சிட்டிகை முட்டைக்கோஸ், சால்சா, மேலே எலுமிச்சை. மடித்து இரண்டு வாயில் முடிக்க வேண்டும், நேரம் போனால் நனைந்து கிழியும். பச்சைச் சால்சா கொடுத்தால் விடாதீர்கள். அதில் இருக்கும் தோமத்தீயோ நம் வயல்வரப்புச் சொடக்குத்தக்காளியின் சொந்தம்.

கேட்டது மசாலாதானே. ஒன்றரைக் கிலோ கோழிக்கு 200 மில்லி ஆரஞ்சுச் சாறு, இரண்டு எலுமிச்சை, தட்டிய பூண்டு எட்டுப் பல், உப்பு 22 கிராம், கசக்கிய ஒரேகானோ ஒரு தேக்கரண்டி, மிளகு அரைத் தேக்கரண்டி, எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. பழம் ரொம்ப இனிப்பாக இருந்தால் இன்னொரு எலுமிச்சை, இல்லாவிட்டால் அந்தச் சர்க்கரையே கருகும். நடுவில் தடவ வேண்டுமானால் கோழியில் ஊற்றும் முன்பே அரை டம்ளர் தனியாக எடுத்து வையுங்கள். ஊறிய சாற்றைக் கொட்டிவிட்டு, தோலைத் துணியால் ஒற்றி ஈரம் போக்கிவிட்டு வலையில் வையுங்கள். கரம் மசாலா டப்பா அன்றைக்கு அலமாரியை விட்டு இறங்க வேண்டாம்.