போரை நிறுத்தாத எட்டு மாதங்கள்

அன்புள்ள சார்,

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 1917 ரஷ்யா வரும்போதெல்லாம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். ஜார் இறங்கியதும் வந்த தற்காலிக அரசு பத்திரிகைச் சுதந்திரம் தந்தது, மரண தண்டனையை நீக்கியது, பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது, யூதர்கள் மேலிருந்த சட்டத் தடைகளை எடுத்தது. அப்படிப்பட்ட அரசைக் காப்பாற்ற எட்டே மாதத்தில் ஆள் இல்லாமல் போனது ஏன்? லெனினின் திறமை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இன்னொரு சந்தேகம்: அதே பேரரசிலிருந்து பின்லாந்தும் போலந்தும் தனி நாடாக முடிந்தது, உக்ரைனாலும் ஜார்ஜியாவாலும் ஏன் முடியவில்லை?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

லெனினின் திறமையை நானும் மறுக்கவில்லை. ஆனால் ஜார் விழுந்தபோது அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். ஏப்ரல் 16 அன்றுதான் தலைநகர் பெட்ரோகிராடு (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) வந்து இறங்கினார். ஜூனில் கூடிய முதல் அனைத்து ரஷ்ய சோவியத் மாநாட்டில் (சோவியத் என்பது தொழிலாளர்களும் சிப்பாய்களும் தேர்ந்தெடுத்த மன்றம்) வாக்குரிமை பெற்ற பிரதிநிதிகள் சுமார் எண்ணூறு பேர்; அதில் அவருடைய போல்ஷெவிக் கட்சிக்காரர்கள் நூறு பேருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அந்தக் கட்சி நவம்பரில் ஆட்சியைப் பிடித்தது என்றால், இடையில் நாடு அதன் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். நகர்த்தியது முதல் உலகப் போர். தற்காலிக அரசு போரை நிறுத்த மறுத்தது. மற்ற எல்லாமே அந்த ஒரு முடிவிலிருந்துதான் வந்தன என்பது என் உறுதியான எண்ணம்.

(தேதிகளை இன்றைய நாட்காட்டிப்படி தருகிறேன். ரஷ்யாவின் பழைய நாட்காட்டி 13 நாள் பின்தங்கியது. அதனால்தான் மார்ச்சில் நடந்ததை பிப்ரவரிப் புரட்சி என்றும் நவம்பரில் நடந்ததை அக்டோபர் புரட்சி என்றும் சொல்கிறார்கள். தேர்வில் இது பலரைக் குழப்பும்.)

ஜார் எப்படி விழுந்தார் என்பதிலிருந்து தொடங்குவோம். போருக்காக ரஷ்யா சுமார் ஒன்றரைக் கோடி பேரைப் படைக்கு இழுத்தது. பெரும்பாலோர் குடியானவர்கள். நாட்டில் தானியம் இல்லாமல் போகவில்லை. தொழிற்சாலைகளெல்லாம் குண்டும் துப்பாக்கியும் செய்யப் போய்விட்டதால், விவசாயி தானியத்தை விற்ற காசுக்கு வாங்க மண்வெட்டியும் இல்லை, துணியும் இல்லை. அரசு நோட்டடித்துக்கொண்டே போனதில் அந்தக் காசுக்கும் மதிப்பு இல்லை. அவர் தானியத்தை வீட்டிலேயே வைத்துக்கொண்டார். விற்க வந்த தானியத்தையும் ஏற்றிவர ரயில் கிடைக்கவில்லை, வண்டிகளெல்லாம் போர்முனைக்கு ஓடிக்கொண்டிருந்தன. தலைநகரில் பெண்கள் உறைபனியில் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள்.

மார்ச் 8, உலக மகளிர் தினம். தலைநகரின் வைபோர்க் பகுதி நெசவாலைப் பெண்கள் ரொட்டி கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். பக்கத்து உலோக ஆலைகளுக்குப் போய் ஆண்களையும் வெளியே கூப்பிட்டார்கள். மூன்றே நாளில் நகரமே வேலைநிறுத்தத்தில். 11ஆம் தேதி கூட்டத்தைச் சுடச் சொல்லிப் படைகளுக்கு உத்தரவு வந்தது, சுட்டார்கள், பலர் செத்தார்கள். அன்று சுட்டவர்களில் வொலின்ஸ்கி ரெஜிமெண்டின் சிப்பாய்களும் உண்டு. அன்றிரவு கொட்டடியில் அவர்கள் பேசிக்கொண்டார்கள். மறுநாள் காலை, கிர்பிச்னிகோவ் என்ற சார்ஜண்ட்டின் தலைமையில் இனி சுடமாட்டோம் என்று மறுத்தார்கள். அவர்களுடைய அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். பொழுது சாய்வதற்குள் படைப்பிரிவு படைப்பிரிவாக மக்கள் பக்கம் போய்விட்டது. மார்ச் 15 அன்று பிஸ்கோவில், ரயில் பெட்டியில் வைத்து இரண்டாம் நிக்கோலஸ் முடி துறந்தார். முந்நூறு ஆண்டு வம்சம் ஒரு வாரத்தில் முடிந்தது.

இதில் எந்தக் கட்சியும் திட்டம் போட்டு நடத்தவில்லை. போர்முனைக்கு அனுப்பப்படக் காத்திருந்த சிப்பாய்கள் துப்பாக்கியைத் தாழ்த்தினார்கள். புதிய அரசு பிறந்ததே அவர்கள் தயவில்.

அந்த அரசு முதலில் செய்ததெல்லாம் நீங்கள் சொன்ன நல்ல காரியங்கள்தான். அவற்றைச் சிறுமைப்படுத்திப் பேசுவது எனக்குப் பிடிக்காது. பெண்களுக்கு வாக்குரிமை தருவதில் அன்றைய பிரிட்டனையும் பிரான்சையும் முந்திக்கொண்ட அரசு அது. ஆனால் சிப்பாயின் இடத்திலிருந்து பாருங்கள். அவருக்கு வேண்டியவை இரண்டு: சண்டை நிற்க வேண்டும், ஊரில் நிலப்பிரபுவின் நிலம் பங்கு போடப்பட வேண்டும். இரண்டுக்கும் அரசு சொன்ன பதில் 'பொறுங்கள்' என்பதுதான். நிலத்தைப் பற்றி அரசியல் நிர்ணய சபைதான் முடிவெடுக்க வேண்டும், அதுதான் சட்டப்படி முறை என்றார்கள். சரி, அந்தச் சபைக்குத் தேர்தல் எப்போது? முதலில் செப்டம்பர் 30 என்று நாள் குறித்து, அப்புறம் நவம்பர் 25க்குத் தள்ளினார்கள். லட்சக்கணக்கானோர் பதுங்குகுழியில் இருக்கும்போது நாடு முழுக்கத் தேர்தல் நடத்துவது லேசான வேலையில்லை. ஆக, போர் நடப்பதால் தேர்தல் தள்ளிப்போனது, தேர்தல் தள்ளிப்போனதால் நிலமும் தள்ளிப்போனது.

இதற்கிடையே மே 1 அன்று வெளியுறவு அமைச்சர் மிலியுகோவ் நேச நாடுகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வெற்றி வரை போரிடுவோம், பழைய ஒப்பந்தங்களை மதிப்போம் என்பது அதன் சாரம். அந்த ஒப்பந்தங்களில் ஒன்று, வெற்றிக்குப் பின் கான்ஸ்டான்டிநோபிளையும் அதன் நீரிணைகளையும் ரஷ்யாவுக்குத் தருவது. ஜார் போனபின்பும் ஜார் ஆசைப்பட்ட ஊருக்காக ஏன் சாக வேண்டும் என்று சிப்பாய் கேட்டால் அதில் என்ன தப்பு? தலைநகரில் ஆர்ப்பாட்டம் வெடித்தது, மிலியுகோவ் பதவி விலகினார். அப்போதாவது வழி மாறியிருக்கலாம். மாறாக, போர் அமைச்சராக வந்த கெரென்ஸ்கி போர்முனை முழுக்கச் சுற்றிப் பேசிப் பேசியே ஒரு பெரிய தாக்குதலுக்குப் படையைத் தயார் செய்தார். ஜூலை 1 அன்று, ஆஸ்திரியா-ஹங்கேரியின் பகுதியான கலீசியாவில் அது தொடங்கியது. முதல் சில நாள் முன்னேற்றம். ஜெர்மானியர் திருப்பி அடித்ததும் படை சிதறி ஓடியது. நீக்கிய மரண தண்டனையைப் போர்முனையில் மறுபடி கொண்டுவர வேண்டியதாயிற்று. உங்கள் கேள்விக்கான பதில் எனக்கு இந்த இடத்தில்தான் கிடைக்கிறது: தன்னைப் பெற்றெடுத்த சிப்பாய்களை அந்த அரசு இந்தத் தாக்குதலோடு இழந்துவிட்டது.

செப்டம்பரில் தளபதி கோர்னிலோவ் தலைநகரை நோக்கிப் படையை நகர்த்தியபோது அதைத் தடுத்து நிறுத்தியவர்கள் ரயில்வேத் தொழிலாளர்களும் சோவியத்துகளும்தான். அதே மாதம் பெட்ரோகிராடு, மாஸ்கோ சோவியத்துகளில் போல்ஷெவிக்குகளுக்குப் பெரும்பான்மை கிடைத்தது. நவம்பர் 7 அன்று அரசைக் காக்க மிகச் சிலரே வந்தார்கள். மறுநாளே இரண்டு ஆணைகள், ஒன்று சமாதானத்துக்கு, ஒன்று நிலத்துக்கு. நில ஆணையின் பெரும்பகுதி போல்ஷெவிக் திட்டமே அல்ல, போட்டிக் கட்சியான சோஷலிஸ்ட் புரட்சியாளர்கள் திரட்டியிருந்த விவசாயிகளின் கோரிக்கைகள். லெனினின் திறமை என்று நான் மதிப்பது இதைத்தான்: மற்றவர்கள் எழுதி வைத்துக்கொண்டு செய்யாமலிருந்ததை அவர் உடனே செய்தார்.

அவர் பக்கம் சுத்தம் என்று சொல்லவில்லை. நிர்ணய சபைத் தேர்தலில் போல்ஷெவிக்குகளுக்குக் கிடைத்தது சுமார் கால்வாசி வாக்கு. 1918 ஜனவரி 18 அன்று கூடிய அந்தச் சபையை அவர்கள் இரண்டாம் முறை கூடவே விடவில்லை. ரஷ்யா அப்போது இழந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

போரை நிறுத்துவது அவ்வளவு சுலபமா என்று நீங்கள் கேட்கலாம். சுலபமில்லை. பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் ரஷ்யா பெரும் கடன்பட்டிருந்தது. ஜெர்மன் பேரரசர் கெய்சர் ஜெயித்தால் ஜாரும் திரும்பி வருவார் என்று ஜனநாயகவாதிகள் உண்மையாகவே பயந்தார்கள். தனியாகச் சமாதானம் பேசுவது நம்பிக்கைத் துரோகம் என்றும் நினைத்தார்கள். ஆனால் 1917 வசந்தத்தில் ரஷ்யாவிடம் இன்னும் ஒரு படை இருந்தது, பேரம் பேச முடியும். 1918 மார்ச் 3 அன்று பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க்கில் ஜெர்மனி தரப்போடு சமாதான ஒப்பந்தத்தில் போல்ஷெவிக்குகள் கையெழுத்திட்டபோது எதுவும் இல்லை. போலந்து, பால்டிக் பகுதிகள், பின்லாந்து, உக்ரைன் எல்லாம் கையை விட்டுப் போயின. பல ஆண்டுகள் கழித்து லண்டனில் ஒரு விருந்தில், தனிச் சமாதானம் செய்திருந்தால் போல்ஷெவிக்குகளைச் சமாளித்திருப்பீர்களா என்று கெரென்ஸ்கியிடம் கேட்டிருக்கிறார்கள். நிச்சயமாக, நாங்கள் இன்று மாஸ்கோவில் இருந்திருப்போம் என்றாராம். உடனிருந்த பிரிட்டிஷ் தூதரக அதிகாரி லாக்ஹார்ட் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

இரண்டாவது கேள்வி. விடுதலை அறிவிப்பை எல்லோரும்தான் வெளியிட்டார்கள்: பின்லாந்து 1917 டிசம்பர் 6, உக்ரைன் 1918 ஜனவரி, ஜார்ஜியா 1918 மே 26. அடுத்த மூன்று ஆண்டுகளில் அதைக் காத்துக்கொள்ள ஆளும் துணையும் யாருக்கு இருந்தது என்பதுதான் விஷயம். பின்லாந்துக்குத் தனி நாடாளுமன்றமும் நிர்வாகமும் ஏற்கெனவே இருந்தன. 1918இல் ஒரு கொடிய உள்நாட்டுப் போரில் அடித்துக்கொண்டபின்பும் அந்த அமைப்பு நின்றது. போலந்தைப் பங்குபோட்டிருந்த மூன்று பேரரசுகளும் ஒரே சமயத்தில் விழுந்தன. 1918 நவம்பரில் வார்சாவில் பொறுப்பேற்ற பில்சுட்ஸ்கி படை திரட்டி, 1920இல் போல்ஷெவிக்குகளின் செஞ்சேனையை வார்சாவின் வாசலில் தோற்கடித்தார். 1921 மார்ச்சில் ரீகா ஒப்பந்தம் எல்லையை முடிவு செய்தது.

உக்ரைனில் ஜெர்மானியர், போல்ஷெவிக்குகளை எதிர்த்த வெண்படை, செஞ்சேனை, போலந்துப் படை என்று மாறி மாறி வந்தார்கள், கீவ் நகரம் பலமுறை கைமாறியது. தானியமும் நிலக்கரியும் அங்கேதான் என்பதால் அதை விட்டுக்கொடுக்க யாரும் தயாரில்லை. அந்த ரீகா ஒப்பந்தத்திலேயே அதைப் போலந்தும் சோவியத் தரப்பும் பிரித்துக்கொண்டன. ஜார்ஜியாவில் தேர்தலில் வென்ற மென்ஷெவிக் (போல்ஷெவிக்குகளிடமிருந்து பிரிந்த மிதவாத சோஷலிஸ்ட்) அரசு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. 1920 மே மாதம் அதன் சுதந்திரத்தை ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொண்ட மாஸ்கோ, 1921 பிப்ரவரியில் செஞ்சேனையை உள்ளே அனுப்பியது. உதவிக்கு எந்த நாடும் படை அனுப்பவில்லை. உங்கள் பாடப்புத்தகத்தில் ஜார்ஜியாவுக்கு அரை வரிகூட இருக்காது என்று நினைக்கிறேன். அந்த மூன்று ஆண்டுகளைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

அன்புடன்.