நண்டு வயிற்றில் இருப்பது முட்டையா, கொட்டலசா?

கே (காட்பாடி): முக்கண்ணு நண்டு வாங்கினேன். வயிற்று மடலுக்குள் மஞ்சளாக ஒரு பை. சினைதானே?

ப: விரலால் தொட்டுப் பாருங்கள். சினை மணிமணியாக இருக்கும்; மடலுக்குள் இருக்கும் சிறு கால்களின் மயிரில் கொத்தாக ஒட்டியிருக்கும்; முதிர முதிரக் கருக்கும். வழுவழுவென்று ஒரே பையாக, ஒரே காம்பில் நின்றால் அது சாக்குலினா என்ற ஒட்டுண்ணி. பாறையில் ஒட்டி வாழும் சிறு ஓட்டுயிரான கொட்டலசின் (barnacle) இனம்தான், ஆனால் வளர்ந்ததற்கு ஓடும் இல்லை, காலும் இல்லை, வாயும் இல்லை. அதன் இளம்புழுவைப் பார்த்துத்தான் கொட்டலசு என்றே தெரிந்தது. பெண் இளம்புழு நண்டின் மேல் ஒட்டி, ஊசிபோன்ற குழாய் வழியே சிறு உயிரணுத் திரளை உள்ளே செலுத்தும். அது வேர்விட்டு உடம்பெல்லாம் பரவிச் சத்தை உறிஞ்சும். நீங்கள் பார்த்தது அதன் இனப்பெருக்கப் பை மட்டும்.

கே (ஆற்காடு): ஆண் நண்டுக்கும் வருமா?

ப: வரும். ஆணின் ஒடுங்கிய மடல் பெண்ணுடையதுபோல அகலும். பிறகு அந்தப் பையைத் தன் சினையென்றே பராமரிக்கும்: அழுக்கு நீக்கும், ஒட்டுண்ணியின் குஞ்சுகள் வெளியேறும்போது மடலை ஆட்டித் தண்ணீரில் விசிறிவிடும். ஆணோ பெண்ணோ, நண்டுக்கு இனி வாரிசு இல்லை. பை வெளியே வந்தபின் ஓடும் கழற்றாது, வளராது.

கே (குடியாத்தம்): பையை அறுத்துவிட்டால்?

ப: வேர் உள்ளேதான் இருக்கும். அறுப்பது வைத்தியமல்ல.

கே (ராணிப்பேட்டை): சாப்பிடலாமா?

ப: மனிதரைத் தொற்றாது. பையை எறிந்துவிட்டுச் சமையுங்கள். ஐஸ் பெட்டியில் வந்த நண்டு அம்மோனியா வாடை அடித்தால் மட்டும் வேண்டாம்.

கே (வாலாஜா): குழந்தைகளுக்குத் தரலாமா?

ப: ராணிப்பேட்டைக்குச் சொன்னதுதான்.

கே (திருவலம்): சளிக்கு வயல் நண்டு ரசம் வைக்கிறோம். அதிலும் இது உண்டா?

ப: அங்கே பயப்பட வேண்டியது வேறு: நன்னீர் நண்டில் நுரையீரல் புழு இருக்கக்கூடும். இடித்த சாற்றை நன்றாகக் கொதிக்கவிடுங்கள். பச்சையாக ஒரு சொட்டுகூட வேண்டாம். அம்மியையும் கத்தியையும் கழுவாமல் சட்னி அரைக்காதீர்கள்.

கே (ஆம்பூர்): அமெரிக்காவில் ஐரோப்பியப் பச்சை நண்டு பெருந்தொல்லை. சாக்குலினாவை விட்டு ஒழிக்கலாமே?

ப: யோசித்தார்கள். ஆய்வகத்தில் அது கலிபோர்னியாவின் சொந்த நண்டுகள்மேலும் ஏறியது.

கே (ஆம்பூர்): ஏறினாலும் அவற்றில் முதிரவில்லையே?

ப: முதிரவில்லை, ஆனால் நண்டு செத்தது. சொந்த நண்டைக் காவு கொடுத்து வந்தேறியை மலடாக்குவது என்ன கணக்கு? அதோடு, மலடான நண்டு உடனே சாகாது. இருக்கும்வரை கிளிஞ்சலைத் தின்றுகொண்டேதான் இருக்கும்.

கே (ஆம்பூர்): அப்படியென்றால் பை உள்ள நண்டைச் சாப்பிடலாமா?

ப: மேலே போய்ப் படியுங்கள்.